தனியா நிக்கிற துணைக்கால்

இல்ல, உக்கார மாட்டேன். நின்னுக்கிட்டே ஒரு உதவி கேட்டுட்டுப் போயிடறேன். ஆறு வருஷமா மூஞ்சியத் திருப்பிக்கிட்டுப் போன மாடி வீட்டுக்காரன் பட்டப்பகல்ல வந்து கதவத் தட்டினா யாருக்கும் திக்குனுதான் இருக்கும். அதனால முதல்லயே சொல்லிடறேன் மெக்கானிக் சார், சண்டைக்கு வரல. ஏற்கெனவே போட்ட சண்டை இன்னும் முடியல, அது பாட்டுக்கு அது இருக்கட்டும். அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல.

கையிலயா? இது ஃபாரம். எல்லாக் கட்டமும் நெரப்பிட்டேன், ஒரே ஒரு கட்டம்தான் காலி. அதுக்குத்தான் வந்தேன். சொல்றேன், சொல்றேன்.

நீங்க வேலையப் பாருங்க. ஃபேனப் பிரிச்சுப் போட்டிருக்கீங்க. லிஃப்ட் ரிப்பேர் பண்ற மனுஷன் லீவு நாள்லயும் எதையாவது பிரிக்காம இருக்க மாட்டீங்க போல. என்ன உருண்டுச்சு? ஸ்க்ரூவா? நீங்களே தேடுங்க சார், என்னை நம்பாதீங்க. இப்பல்லாம் எனக்கு ஸ்க்ரூவும் ஒண்ணுதான், எறும்பும் ஒண்ணுதான். நகந்தா எறும்புன்னு வச்சுக்கறேன்.

சரி, உக்காந்துக்கறேன். நாற்காலி உங்களுதுன்னாலும் முழங்கால் என்னுது பாருங்க.

உதவி கேக்கறதுன்னா சும்மா இல்ல சார். அதுக்கு ஒரு முறை இருக்கு. அறுபத்தி நாலு வயசு வரைக்கும் எனக்கு அது தெரியாது. ஒரு தவளைதான் சொல்லிக் குடுத்துச்சு. தவளைதான். சரியாத்தான் கேட்டீங்க.

என் கடை தெரியுமில்ல? பஸ் டிப்போவுக்கு எதிர்ல, ஸ்டிக்கர் கட்டிங். வண்டிக்குப் பேரு, கடைக் கண்ணாடிக்கு எழுத்து, லிஃப்டுக்குள்ள ஆறு பேர் மட்டும்னு ஒட்டியிருக்குமே, அந்த மாதிரி வேலையெல்லாம். உங்க கம்பெனி அத என்கிட்ட வாங்கல, வேற கடையில வாங்குச்சு. அதையும் நான் மறக்கல. அத விடுங்க.

கடையில ஒரு மிஷின் இருக்கு, குட்டிக் கத்தி வச்சு ஸ்டிக்கர வெட்டும். அதுக்கு எழுத்து போட்டுக் குடுக்க கம்ப்யூட்டர்ல ஒரு சாப்ட்வேர் வேணும். முன்ன வச்சிருந்தது திருட்டுக் காப்பி. ஒருநாள் அது வாயப் பொளந்துடுச்சு. கம்ப்யூட்டர் ரிப்பேர்காரர் வந்து, இனிமே இதப் போடுங்க, இலவசம், திருட வேண்டியதே இல்லன்னு வேற ஒண்ணப் போட்டுக் குடுத்தாரு. இலவசம்னாலே எனக்குச் சந்தேகம். யாருய்யா செஞ்சதுன்னு கேட்டேன். ஊர் உலகத்துல இருக்கிறவங்க, அவங்கவங்க வேலை போக மிச்ச நேரத்துல சேந்து செய்யறாங்க, சம்பளம் கெடையாது, எப்படிச் செஞ்சோம்ங்கிறதையும் மறைக்காம எல்லாருக்கும் தெறந்து வச்சிருக்காங்கன்னாரு. எனக்கு மண்டைக்குள்ள போகல. நானெல்லாம் ஒரு பூ வரைஞ்சாக்கூட பக்கத்துக் கடைக்காரன் பாத்துடுவான்னு கம்ப்யூட்டரச் சுவத்துப் பக்கம் திருப்பி வைக்கிற ஆளு.

ரெண்டு மாசம் ஒழுங்கா ஓடிச்சு. அப்பதான் பால் வண்டி வந்துச்சு.

பன்னெண்டு வேன். ரெண்டு பக்கமும் பால்னு எழுதணும். பா, ல், அவ்வளவுதான் வார்த்தை. வண்டியோ இந்தா நீளம். முதலாளி சொன்னாரு, எழுத்துக்கு எழுத்து நல்லா இடம் விடுங்க, முன் சக்கரத்துல ஆரம்பிச்சுப் பின் சக்கரத்துல முடியணும்னு. சரின்னு போட்டேன். பாத்தா, துணைக்கால் தனியா நிக்குது. துணைக்கால் தெரியுமில்ல? பா எழுதறப்ப பக்கத்துல ஒரு கால் போடுவோமே, அதான். ப ஒரு பக்கம், கால் ஒரு பக்கம், காலுக்குப் பக்கத்துல புள்ளி புள்ளியா ஒரு வட்டம். ல் மேல உக்கார வேண்டிய புள்ளியும் அதே மாதிரி ஒரு வட்டத்தப் பிடிச்சுக்கிட்டுத் தனிக்குடித்தனம் போயிடுச்சு. வட்டம் நான் போடல சார். நாப்பது வருஷமா எழுத்து வேலை பாக்கறேன், அப்படி ஒரு எழுத்த எந்த வண்டியிலயும் பாத்ததில்ல. அழிச்சேன், வந்துச்சு. கம்ப்யூட்டர அணைச்சுப் போட்டேன், வந்துச்சு. கீபோர்டத் தலைகீழாத் தட்டினேன். ஒரு பிஸ்கட் துண்டு வந்துச்சு, வட்டம் போகல.

அந்தச் சாப்ட்வேர்காரங்களுக்கு கம்ப்யூட்டர்லயே ஒரு குழு இருக்கு. யாரு வேணாலும் உள்ள போய்க் கேக்கலாம், தமிழ்லயே கேக்கலாம், தெரிஞ்சவங்க பதில் சொல்லுவாங்க. உள்ள போனதும் மேலயே கொட்டை எழுத்துல போட்டிருக்கு, கேட்கும் முன் இதைப் படிக்கவும்னு. நான் படிக்கல. என் கடையிலயும்தான் மிஷினைத் தொடாதீர்னு ஒட்டியிருக்கேன், எவன் படிக்கிறான்?

நான் எழுதினது இன்னும் மனப்பாடமா இருக்கு. தலைப்பு, அவசரம் அவசரம் அவசரம். கீழ, உங்க சாப்ட்வேர் வேலை செய்யல, எழுத்து உடையுது, உடனே சரி பண்ணவும், வண்டி நிக்குது. அப்புறம் பதினாலு ஆச்சரியக்குறி. அவ்வளவுதான். எனக்கு அது தெளிவாத்தான் இருந்துச்சு.

அரை மணி நேரம் ஒருத்தரும் வரல. மறுபடியும் அதையே போட்டேன். வேற மூணு இடத்துலயும் போட்டேன். ஒரு அம்மா பாவம் பிரிண்டர் ஓடலன்னு பொறுமையா எழுதியிருந்தாங்க, அதுக்கு நடுவுலயும் போய்ப் போட்டேன். அப்புறம் குழுவுல யார் பேரெல்லாம் கண்ணுக்குப் பட்டுச்சோ அவங்களுக்கெல்லாம் தனித்தனியா அனுப்பினேன், யாராச்சும் இருக்கீங்களான்னு. வெறும் அது மட்டும். இருக்கேன்னு ஒருத்தரு பதில் போட்டாரு. அதுக்கு நான் ஒண்ணும் எழுதல, அப்ப டீ குடிக்கப் போயிட்டேன்.

திரும்பி வந்து பாத்தா தவளை. பேரும் தவளை, படமும் தவளை. என்ன எழுதியிருக்குன்னா, எந்தப் பதிப்பு? என்ன தட்டினீங்க, ஒவ்வொண்ணா சொல்லுங்க. என்ன வரும்னு எதிர்பார்த்தீங்க? என்ன வந்துச்சு? ஒரே கேள்வியை அஞ்சு இடத்துல போடாதீங்க.

வணக்கம் கெடையாது, ஐயா கெடையாது. என்ன வரும்னு எதிர்பார்த்தீங்கன்னு கேக்குது சார்! பால்னு எதிர்பார்த்தேன். தயிர்னா எதிர்பார்ப்பேன்?

என்ன தட்டினீங்கன்னு கேட்டா என்ன அர்த்தம்? நீதான் தப்பாத் தட்டியிருப்பேன்னு அர்த்தம். எனக்கு உச்சந்தலைக்கு ஏறிடுச்சு. என் நாப்பது வருஷ அனுபவம் என்ன, உன் வயசு என்ன, போய்க் குட்டையில கத்துன்னு எழுதினேன். பத்து நிமிஷத்துல என் வார்த்தையக் காணோம். அந்த இடத்துல, வசைச்சொல் நீக்கப்பட்டதுன்னு ஒரு வரி. குட்டைங்கிறது வசையா சார்? தவளைக்கு அது வீட்டு விலாசம்.

என்னப் பத்தி உங்களுக்குத் தெரியாததா? நான் கோவம் வந்தா கத்திட்டு மறக்கிற ஜாதி இல்ல, மடிச்சு உள்ள வச்சுக்குவேன். என் தம்பியோட பேசிப் பதினோரு வருஷம். அவன் மக கல்யாணப் பத்திரிகையில என் இனிஷியல விட்டுட்டான். எழுத்து வெட்டிப் பொழைக்கிறவன் பேர்லயே எழுத்த விடலாமா? மச்சானோட ஏழு வருஷம். அது எதுக்குன்னு எனக்கே இப்பச் சரியா ஞாபகம் இல்ல, ஆனா காரணம் நல்ல காரணம். உங்களோட ஆறு.

தவளைய என்ன பண்ணலாம்னு ரெண்டு நாள் யோசிச்சேன். கடைசியில பிடிச்சேன் வழி. தவளை நாக்க நீட்டிக் குத்தம் சொல்ல முடியாத மாதிரி ஒரு கேள்வி எழுதணும். அது கேட்டதெல்லாம் வரிசையா இருக்கணும், ஒண்ணு குறையக்கூடாது. அப்பவும் பதில் தெரியலன்னா அது மூஞ்சிய எங்க கொண்டு வைக்கும்? அதுக்காகவே அந்தக் கேட்கும் முன் படிக்கவும் மொத்தத்தையும் படிச்சேன். திருடப் போறவன் வீட்டச் சுத்திச் சுத்திப் பாப்பானே, அந்த மாதிரி படிச்சேன்.

அதுல என்ன இருந்துச்சு தெரியுமா? அவசரம்னு எழுதாத, உன் அவசரம் உன்னோடது, பதில் சொல்றவன் தன் சோத்து நேரத்த உனக்குக் குடுக்கிறான். விஷயத்தத் தலைப்புலயே சொல்லு. கேக்கலாமான்னு கேட்டுட்டு நிக்காத, நேரா கேட்டுடு. ஆமா சார், நேரா கேக்கணும்னு இருக்கு. நான் கேட்டுக்கிட்டுத்தானே இருக்கேன்? இது முன்னுரை. அப்புறம், என்ன நடந்துச்சுன்னு மட்டும் சொல்லு, ஏன் நடந்துச்சுன்னு நீயா கதை கட்டாத. நீ என்னென்ன செஞ்சு பாத்தன்னு சொல்லு. பதில் சுருக்கமா இருந்தா கோவம்னு எடுத்துக்காத. இதெல்லாம் படிக்கப் படிக்க எனக்கு யாரோ என் வீட்டுக்குள்ள பூந்து பாத்துட்டு எழுதின மாதிரி இருந்துச்சு. கடைசி வரி, சரியாயிடுச்சுன்னா ஓடிடாத, திரும்பி வந்து சொல்லிட்டுப் போ.

மத்தியானம் ஷட்டரப் பாதி இறக்கிட்டு எழுத உக்காந்தேன். முதல்ல ப தட்டினேன். அடுத்து, இடம் விடற கட்டையத் தட்டினேன். அடுத்து, துணைக்கால் தட்டினேன். மறுபடி இடம் விட்டேன். இப்படியே எழுதிட்டு, தவளைக்குச் சரியான சவுக்கடின்னு ஒருதரம் சத்தமாப் படிச்சுப் பாத்தேன். ரெண்டாவது வரியிலயே நிறுத்திட்டேன்.

எழுத்துக்கு எழுத்து இடம் விடச் சொன்னாரு முதலாளி. நான் தட்டுக்குத் தட்டு விட்டிருக்கேன். பாவுக்கும் லுக்கும் நடுவுல விட வேண்டியத, பவுக்கும் அதோட காலுக்கும் நடுவுல விட்டிருக்கேன். கீபோர்டுல துணைக்கால் ஒரு தனிக் கட்டையில இருக்கு, அதனால நான் அத ஒரு தனி எழுத்துன்னே நெனச்சுட்டேன். நாப்பது வருஷ அனுபவம்னு எழுதினேன் பாருங்க. குட்டையில நான்தான் போய்க் கத்தியிருக்கணும்.

கேள்விய அனுப்பவே வேண்டியதில்ல. அழிச்சுட்டு வண்டி வேலையப் பாக்கப் போயிருக்கலாம், ஒருத்தனுக்கும் தெரியாது. ஆனா அந்தக் கடைசி வரியப் படிச்சுத் தொலைச்சுட்டேனே. ஒரு நாள் முழுக்க மென்னு முழுங்கி எழுதினேன். சரியாயிடுச்சு. தப்பு என்னுது. அந்த வட்டம் எதுக்கு வருதுன்னு மட்டும் சொல்ல முடியுமா? ஆச்சரியக்குறி ஒண்ணுகூடப் போடல.

தவளை பதில் போட்டுச்சு. துணைக்கால் தனியா நிக்க முடியாது ஐயா. நிக்க வச்சா கம்ப்யூட்டர் பக்கத்துல ஒரு புள்ளி வட்டம் போட்டுக் காட்டும். இங்க ஒண்ணு இருந்திருக்கணும், காணோம்னு அர்த்தம். திரும்பி வந்து சொன்னதுக்கு நன்றி, பத்துப் பேர்ல ஒருத்தர்தான் சொல்றாங்க.

ஐயான்னு போட்டிருந்துச்சு சார். அத நான் கடைக்கு எதிர்ல பெஞ்சு போட்டுப் பேனா விப்பாரே, அவருக்குக்கூடக் காட்டினேன்.

அப்புறம்தான் தெரிஞ்சுது, தவளை ஒரு பல் டாக்டர். ஒரு பல்லுக்கும் அடுத்த பல்லுக்கும் நடுவுல வந்து எங்களுக்குப் பதில் எழுதறாரு. அங்க ஒருத்தன் வாயத் தெறந்து வச்சுக்கிட்டு மோட்டுவளையப் பாத்துக்கிட்டு இருக்கான், இங்க நான் பதினாலு ஆச்சரியக்குறி போடறேன். வணக்கம் சொல்ல நேரம் எங்கேருந்து வரும்?

இப்ப நானும் அங்க பதில் சொல்றேன். ஆமா, சும்மாதான். என் படமா? ஆமை. நேத்து ஒருத்தன் வந்தான், அவசரம் அவசரம்னு. என்ன தட்டினீங்க, ஒவ்வொண்ணா சொல்லுங்கன்னு கேட்டேன். உன் வயசு என்னன்னு கேட்டான். பேரக் குறிச்சு வச்சுக்கிட்டேன்.

இப்ப உங்க விஷயத்துக்கு வரேன். அன்னிக்கு நீங்க மாடிக்கு வந்தீங்களே, என்ன சொன்னீங்க? உங்க வீடு ஒழுகுதுன்னீங்க. எந்தக் குழாய், எந்நேரம், எவ்வளவு, ஒண்ணும் கெடையாது. தலைப்பே சரியில்ல சார். தண்ணி என் சாப்பாட்டுத் தட்டுல விழுதுன்னீங்க. தட்டத் தள்ளி வையின்னு நான் சொன்னேன்.

ஆமா. அந்தப் பதிலும் கொஞ்சம் சுருக்கமாத்தான் இருந்துச்சு.

ஒழுகினது என் குழாய்தான். பாத்திரம் கழுவற தொட்டிக்குக் கீழ, வளையற இடத்துல. நீங்க வந்துட்டுப் போன மறுவாரமே ஆளு வச்சு மாத்திட்டேன். மறுவாரமேதான். அதுக்கப்புறம் ஒழுகிச்சா? ஒழுகலையில்ல? தானா நின்னுடுச்சுன்னு நெனச்சீங்களாக்கும். என்னது, நீங்க சிமெண்டு பூசினீங்களா? கூரை முழுக்கவா? ஏணி வச்சு, நீங்களேவா? ஐயையோ. அதனாலதான் நின்னுச்சுன்னு ஆறு வருஷமா எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டு இருக்கீங்களா?

நான் இறங்கி வந்து சொல்லியிருக்கணும். பதினெட்டுப் படி. இப்பச் சொல்றேன். சரியாயிடுச்சு. தப்பு என்னுது.

சிரிக்காதீங்க, பாருங்க, ஸ்க்ரூ மறுபடியும் விழுந்துடுச்சு.

இன்னொண்ணு. என் வீட்டுக்காரி போன அன்னிக்கு லிஃப்ட் நின்னுபோச்சு. துக்கத்துக்கு வர்றவங்க பாதிப் பேர் வயசானவங்க. நீங்க டூட்டிக்குப் போகாம, மேல மோட்டார் ரூம்ல உக்காந்து, நாள் முழுக்க அத ஏத்தி இறக்கிக்கிட்டே இருந்தீங்க. கையெல்லாம் கிரீஸ். பாத்தேன். பாக்காத மாதிரி இருந்துட்டேன். அதுக்கும் வந்து ஒண்ணும் சொல்லல.

சரி. இப்பக் கேக்கறேன். முறைப்படியே கேக்கறேன்.

தலைப்பு, வலது கண்ணுல ஆபரேஷன், கூட வர ஒரு ஆள் வேணும்.

நடந்தது என்னன்னா, புரை. வலது முத்திடுச்சு, இடது பின்னாலயே வருது. போன வாரம் ஒரு மருந்துக்கடைக் கண்ணாடியில மருந்தகம்னு ஒட்டிட்டு வந்தேன். உள்பக்கம் வெளிப்பக்கம் மாறி ஒட்டியிருக்கேன். ரெண்டு நாள் அந்தக் கடை, உள்ள இருக்கிறவங்களுக்கு மட்டும் மருந்தகமா இருந்திருக்கு. இன்னும் ரெண்டு வேலை இப்படிப் போச்சுன்னா கடைய மூடிட வேண்டியதுதான். மூடிட்டா நான் நாள் பூரா மாடியில சும்மா உக்காந்து நீங்க கீழ என்ன தட்டறீங்கன்னு கேட்டுக்கிட்டே இருப்பேன். அது உங்களுக்கும் நல்லதில்ல.

செஞ்சு பாத்தது என்னன்னா, தனியா வந்து தனியாப் போயிடறேன்னு ஆஸ்பத்திரியில சொன்னேன். கவுன்டர்ல இருந்த அம்மா, கண்ணுக் கட்டோட தனியா அனுப்ப மாட்டோம், துணைக்கு ஆள் இல்லன்னா உள்ளயே எடுக்க மாட்டோம்னுட்டாங்க. சரின்னு அந்தக் கட்டத்துலயும் என் பேரையே எழுதிக் குடுத்தேன். நோயாளியும் நீங்களே, துணையும் நீங்களேவான்னு அடிச்சுட்டுப் புது ஃபாரம் குடுத்தாங்க. தம்பி நம்பரப் போட்டேன். ஒரு தடவ மணி அடிச்சுது, வச்சுட்டேன். அவன் திருப்பிக் கூப்பிட்டான், நான் எடுக்கல. பதினோரு வருஷத்த ஒரு மிஸ்டு காலுக்கா விட்டுக் குடுக்கறது? எடுப்பேன் சார், அதையும் எடுப்பேன். ஒவ்வொண்ணா வரேன்.

அவசரம்னு சொல்ல மாட்டேன். வியாழக்கிழமைன்னு மட்டும் சொல்றேன். காலையில எட்டு மணிக்குப் போனா மத்தியானம் ரெண்டுக்குள்ள விட்டுடுவாங்களாம்.

இதான் அந்தக் கட்டம். துணைக்கு வருபவர்னு போட்டு, பக்கத்துல புள்ளி புள்ளியா விட்டிருக்காங்க பாருங்க. இதப் பாத்ததும் அங்கயே எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. கவுன்டர் அம்மா பயந்துட்டாங்க.

முடியாதுன்னா முடியாதுன்னு சொல்லிடுங்க, தப்பா எடுத்துக்க மாட்டேன். எடுத்துக்குவேன்தான், ஆனா வெளிய காட்டிக்க மாட்டேன்.

என்ன சொன்னீங்க? ஏழேகால்லயே கெளம்பணுமா? ஏன், எட்டுக்குத்தான்... சரி, சரி. நீங்க சொன்னா ஏழேகால். லிஃப்டுக்கிட்டயே நிக்கறேன்.

பேனா இருக்கு. இப்பவே எழுதிடறேன். உங்க பேரு என்ன?

பத்து வருஷமா மெக்கானிக், மெக்கானிக்னே ஓடிப்போச்சு சார். கதவுல பேர்ப்பலகை இருக்கு, தெரியும். அத வேற கடையில செஞ்சு மாட்டினீங்க. அந்தக் கோவத்துல நான் அத ஒருநாளும் படிச்சதில்ல. இப்ப வாசல்ல நின்னப்பப் படிச்சுடலாம்னு கிட்டப் போய்ப் பாத்தேன், ஒரே எறும்பா இருந்துச்சு.

சொல்லுங்க. மெதுவா, எழுத்து எழுத்தா. நடுவுல இடம் விடாம.